பதினான்காம் வளைவில் ஒரு சீட்டு குறைவு

மேலே பாறை சரிந்ததில்
பதினான்காம் வளைவில் நிற்கிறது
ஏற்காட்டுக்கான கடைசிப் பேருந்து.
ஜேசிபி அடிவாரத்திலிருந்து வரவேண்டுமாம்.
டிக்கெட் பைக்குள்ளிருந்து சீட்டுக்கட்டை எடுக்கும்போதே
கண்டக்டர் அர்த்தநாரி சொல்லிவிட்டார்:
"எண்ணுனா அம்பத்தொண்ணுதானுங்க.
கொறையறது எதுன்னு பிரிச்சுப் பாக்க ஆருக்கு நேரம்."

அப்போ ஆட்டமே தப்பு என்றாள்
பள்ளி விடுதியில் சமைக்கும் ரோஸ்லின்.
மின்வாரியத்தில் பதினெட்டு வருஷம்
கணக்கெழுதிய கை, சும்மா இருக்கவில்லை.
பயணச்சீட்டின் முதுகில் எழுதினேன்:
முழுக்கட்டில் ஆட்டின் வர, கால்வாசி வாய்ப்பு.
தொலைந்ததே ஒரு ஆட்டின் என்றால்
ஐம்பத்தொன்றில் பன்னிரண்டு,
வேறெது என்றாலும் பதிமூன்று.
முதலாவதற்குக் கால், மற்றதற்கு முக்கால்,
பெருக்கிக் கூட்டினால்
மறுபடியும் அதே கால்.
"எதுன்னு தெரியாத வரைக்கும்
ஒண்ணும் தொலையலைங்க" என்றேன்.

"அதெப்படி?"
மிளகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆண்டியப்பன் கேட்டார்.
"எம் மூட்டையில ஒரு கிலோ கொறஞ்சா
கொறஞ்சதுதானே?"

பதிலுக்குக் கலைத்துப் போட்டேன். ஆளுக்கு ஏழு.
என் கையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் ஜாக்கி,
நடுவே ஒரு விரல் அகலத்துக்கு
ராணியின் இடம்.
நான் பார்த்தவை எட்டு, பாராதவை நாற்பத்து நான்கு.
நாற்பத்து நான்கில் ஒன்று.
எடுத்தேன். கிளாவர் ஆறு.
சுற்றுக்குச் சுற்று கீழெண் இளைத்தது:
நாற்பது
முப்பத்தாறு
முப்பத்திரண்டு.
ராணி நெருங்குகிறாள் என்றது கணக்கு.
பனி ஒரு நொடி விலகி
கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரிந்து
மூடிக்கொண்டது.
இருபத்தெட்டு என்று நான் முணுமுணுக்கையில்
ரோஸ்லின் ஷோ காட்டினாள்,
ஒரு வரியும் எழுதாமல்.

ஜேசிபியின் வெளிச்சம் உள்ளே விழுந்தபோதுதான் கண்டேன்:
என் தலைக்குப் பக்கத்தில்
ஜன்னல் ஷட்டர் ஆடாமலிருக்க
நான்காய் மடித்துச் செருகிய அட்டை.
இழுத்துப் பிரித்தேன்.
மூக்கின்மேல் மடிப்போடு
ஆட்டின் ராணி.

முதல் இழுப்பிலிருந்தே பூஜ்யம்.
ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை.
அன்றைய ரீடிங்குக்கு அன்றைய பில்.

ஷட்டர் கடகடவென்று ஆடத் தொடங்கியது.
குளிர் கழுத்துக்குள் இறங்கியது.
"சார், அதை அடைங்க."
பழைய மடிப்பிலேயே மடித்து
இருந்த இடத்தில் செருகினேன்.

அர்த்தநாரி கட்டுக்கு ரப்பர் போட்டார்,
ஐம்பத்தொன்று.
எது என்று அவரிடம் சொல்லவில்லை.
விசில்.
பதினைந்தாம் வளைவு.