ஒரே கார்பன்

போர்ட் லூயி, கோர்டெரி தெரு,
பொத்தான் கடைக்கு மேல்மாடி.
மூன்றாம் படி உடைசல்.
தெரிந்தவர்கள் தாண்டி ஏறுவார்கள்.

செவ்வாய்க்கிழமை ஐந்து பேர் தடுக்கித் தடுக்கி வந்தார்கள்,
கூந்தலில் ஆலைப் பஞ்சு.
அவர்கள் சொல்லச் சொல்லப் பிரெஞ்சில் அடித்தேன்:
"ஒப்பந்தத்துக்குத் தகுதியற்றோர்,
சிறார், சித்தம் கலங்கியோர், மணமான பெண்கள்
என்கிறது பழைய சட்டம்.
எங்களை அந்த வரிசையிலிருந்து எடுங்கள்."

எனக்கு அப்போது முப்பத்தொன்று.
மெஷினின் தவணைச் சீட்டில்
என் கையெழுத்து மட்டுமே போதுமாயிருந்தது.
ஒருவர் காத்திருந்தார்.
காரணம் சொல்லாமல் காக்க வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை குடும்பக் காப்பு மன்றம்.
அத்தர் மணக்கும் செயலாளர், பின்னால் மூன்று பட்டுச் சேலைகள்.
"மனைவிக்குத் தனிக் கணக்கு, தனிக் கதவு என்றானபின்
பிள்ளைகள் எந்தக் கதவைத் தட்டும்?"
நல்ல வாக்கியம்.
அடிக்கும்போதே பொறாமையாக இருந்தது.
போகிற போக்கில் ஒரு பட்டுச் சேலை
மெஷின் என்ன விலை என்று
மெதுவாகக் கேட்டுப் போனது.

கார்பன் விலை ஏறியிருந்த மாதம் அது.
இரண்டு மனுவுக்கும் ஒரே தாள்.
ஜன்னலில் பிடித்தால்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி
ஒன்றுமே படிக்க முடியாது.

தைக்கக் கொடுத்த ஒப்பப் பக்கங்களில்தான் கண்டேன்:
இதிலும் அதிலும் தைலம்மா சினாப்பென்.
அதே பெருவிரல்,
ஊசி ஏறி ஆறிய குறுக்குக் கோடு.

கேட்டேன்.
"ஒன் கூலி ஒனக்கு வேணுமான்னாங்க, வேணும்னேன்.
குடும்பம் ஒடையணுமான்னாங்க, வேணாம்னேன்.
இதுல எது பொய்?"

அமைச்சகத்தில் அவளை
இரண்டு பக்கமும் எண்ணினார்களோ,
இரண்டிலும் கழித்தார்களோ.
சட்டம் மாறியது.
வானொலி க்ரெயோலில் சொன்னது,
மீன் விலைக்குப் பிறகு.

அதற்கடுத்த மழையில் நனைந்துகொண்டு வந்தாள்,
பையில் வங்கிப் படிவம்.
பழைய அச்சு. அடியில் அந்தக் கோடும் இருந்தது:
கணவர் கையொப்பம்.
"இது இனி தேவையில்லை" என்றேன்.
"தேவையில்லைன்னா ஏன் இருக்கு?"

பதில் தெரியவில்லை.
உருளையில் ஏற்றி
எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று கோட்டின் மேலேயே அடித்தேன்,
ரிப்பன் நைந்து போகும்வரை.

படிக்கத் தெரியாதவள்
தாளை முகத்தருகே வைத்துப் பார்த்தாள்.
"இன்னும் தெரியுது.
இன்னொரு தரம் அடி."