முன்னிலை ஒருமை

முதலில் அதற்குப் பெயர் கே-நாற்பத்தொன்று,
உறைபெட்டியில் அந்தக் குழிதான் காலியாக இருந்தது.
பிறகு ஆற்றின் பெயர். கோக்-தால்.
பிஷ்கெக் ஆய்வகத்தில் ஒரு வாரம் அதுவே புழங்கியது.
எட்டாம் நாள் மூன்று பேர் வந்தார்கள்,
வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமல்:
"எங்கள் தேனை யாரும் தொடுவதில்லை.
கம்பளி ஏற்றிப்போன லாரி அப்படியே திரும்பி வந்தது.
நாரினில் படிக்கிற எங்கள் பெண்ணுக்கு
விடுதி நடைவழியில் படுக்கை.
நோய் ஆற்றில் இல்லை, உண்ணியில் இருக்கிறது.
உண்ணிக்கு ஏது முகவரி?"
புருல்சா பெயரை அடித்தாள்.
கோடு அழுந்தி அடுத்த தாளிலும் விழுந்தது.

கருவிக்குள் அது ஒரு மங்கல் வட்டம்.
ஒரு மில்லிமீட்டருக்குள்
பத்தாயிரத்தை வரிசையில் நிறுத்தலாம்.
விளிம்பெங்கும் முட்கள்,
பாதிப் பல் போன சீப்பைப் போல.
உள்ளே மூன்று இழை: நெட்டை, நடுவாந்தரம், குட்டை.
மூச்சில்லை, பசியில்லை.
ஓரறிவுக்கும் கீழே
அதற்கென்று யாரும் படி கட்டவில்லை.

மெய்யெழுத்து மாதிரிதான்.
புள்ளியைத் தலையில் சுமந்தபடி
ஊமையாகக் கிடக்கும்,
ஓர் உயிர் வந்து சேரும்வரை.
சேர்ந்ததும் புள்ளி தொலையும்.
போர்வையை வாசலிலேயே விட்டு
உள்ளே போய்விடும்.
அப்புறம் ஒலிப்பது எது என்று
பிரித்துச் சொல்லிப் பாருங்கள்.

சொந்தம் கண்டுபிடிப்பது சுலபம்.
இழையை எழுத்தெழுத்தாகப் படித்து
பழையவற்றின் பக்கத்தில் வைத்தாள்.
வரிசை 'விராலிஸ்' என்று முடிந்தது,
குடும்பம் 'விரிடே' என்று.
ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவெல்லாம் கிடைத்தது,
ஒட்டகத்தில் ஒன்று, கடற்பறவையில் ஒன்று.
பெயர்தான் இல்லை.
ஊர் கூடாது. ஆள் கூடாது. தொழில் கூடாது.
கேட்டதும் நடுங்கவைக்கும் சொல் கூடாது.

ஜூனில் பெய்ஷென்பெக் வந்தார்,
நாற்பத்தொன்றாம் குழியின் கணவர்.
கையில் ஒரு குப்பி தேன்.
"தொக்தோகான் என்று வையுங்கள்."
ஆள் பெயர் கூடாதே, என்றாள்.
"அது ஆள் பெயரா?
அவளுக்கு முன்னால் மூன்று, தொட்டிலோடு போயின.
நான்காவதாக இவள்.
அவள் அப்பா சாவைப் பார்த்துச் சொன்னது அது:
தொக்தோ. நில்.
நின்றது.
அவளுக்குப் பின்னால் நான்கு பேர்,
எல்லோரும் இருக்கிறார்கள், ஒருவன் மாஸ்கோவில்.
ஒரு தடவை வேலை செய்த பெயர், அம்மா."

புருல்சா என்றால் 'திரும்பு'.
அடுத்ததாவது ஆணாகத் திரும்பட்டும் என்று வைத்தது.
ஐந்தாவது தடவைதான் திரும்பியது.
அதை அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாத இன்னொன்றும் உண்டு.
அந்த வட்டத்தின் மேல்தோல் அதனுடையதல்ல.
வெளியேறும்போது
குடியிருந்த வீட்டின் சுவரிலேயே ஒரு துண்டு கிழித்து
போர்த்திக்கொண்டு போகும்.
படத்தில் இருப்பது குரங்குச் செல்லில் வளர்த்தது,
சரி.
ஆனால் முதல் குழாயில் வந்தது
தொக்தோகானைப் போர்த்திக்கொண்டுதான் வந்தது.

அவர் போன பிறகு படிவத்தைத் திறந்தாள்.
முழுப் பெயரை அடித்து
கடைசி எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.
தொக்தோ.
மூன்று வாரம் கழித்துக் குழுவின் கேள்வி வந்தது,
மிக மரியாதையாக:
இது இடமா, ஆளா?
இரண்டும் இல்லை, என்று எழுதினாள்.
வினைச்சொல். ஏவல்.
முன்னிலை ஒருமை.

பதில் வருவதற்குள் கே-நாற்பத்தாறு வந்துவிட்டது.
வேறு பள்ளத்தாக்கு, பதினேழு வயது மேய்ப்பன்,
கழுத்தில் உண்ணி கடித்த தடம்.
பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து
ரொட்டி கேட்டான்.
குணமான காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது.
தெரியவில்லை,
என்று எழுதினாள்.