இரண்டாம் கேட், காலை ஆறு பத்து

டிசம்பர் முதல் வாரம்.
ஆர்.கே.புரம் நாலாம் செக்டரில்
முசுக்கொட்டை மரங்கள் எல்லாம்
சொல்லிவைத்தாற்போல் மஞ்சளாகியிருந்தன.
வேம்பும் அரசும் இதில் சேரவில்லை.
அவற்றுக்குப் பங்குனிதான் கணக்கு.

காலை நடைக்காரர்கள் படம் எடுக்கிறார்கள்.
எனக்கு டூட்டி.
சருகு எரிப்பவர்களைப் பிடித்து
ஐயாயிரம் அபராதம் எழுதவேண்டும்,
பனி முடியும்வரை.
கையில் ரசீதுப் புத்தகம், காதில் மஃப்ளர்,
மூக்கில் நேற்றைய தில்லி.

முந்நூற்றெண்பத்தெட்டு என்று
சிக்னல் பலகை சிவப்பில் சொல்லிக்கொண்டிருந்தது.
அந்தப் புகைக்குள்ளும்
ஓர் இலை கிளையை விடும்போது
டிக் என்று ஒரு சத்தம் வருகிறது.
பள்ளி வேன்கள் கிளம்புவதற்கு முன் நின்றால் கேட்கும்.
தரையில் விழும்போது சத்தமில்லை.
விடும்போதுதான்.

இரண்டாம் கேட்டில் தன்பீர் பிஷ்ட்,
இரவுக் காவல், அல்மோடாக்காரர்.
பெயிண்ட் டப்பாவில் தீ வைத்து உட்கார்ந்திருந்தார்.
என்னைப் பார்த்து எழவில்லை.
கைகளை மட்டும் தீயிலிருந்து எடுத்துக்கொண்டார்,
அடுத்தவர் தட்டிலிருந்து எடுப்பதுபோல்.

பக்கத்தில் இரண்டு குவியல்.
ஒன்று சருகு. ஒன்று மஞ்சள்.
எதற்குப் பிரித்தீர்கள் என்றேன்.
“மஞ்சள் எரியாது மேடம், புகையும்.
உள்ளே இன்னும் தண்ணி இருக்கு.
ரெண்டு நாள் விட்டா வழிக்கு வரும்.”

அந்த ரெண்டு நாளுக்கு என்ன பெயர்?
தமிழில் தேடிப் பார்த்தேன், நின்றபடியே.
கொழுந்து, தளிர் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.
சருகுக்கு முன்னால் பழுப்பு என்பார்கள்.
ஆனால் பழுப்பு இப்போது
பழைய சட்டைக் காலரின் நிறமாகிவிட்டது.
மரம் கைவிட்டு, தீயும் வேண்டாமென்று தள்ளி,
தெரு விளக்கு அணைந்த பிறகும்
தரையில் வெளிச்சமாய்க் கிடக்கிறதே,
இதற்கு எனக்குத் தெரிந்து சொல் இல்லை.
கார், கூதிர், முன்பனி என்று
வருஷத்தை ஆறாய்ப் பகுத்தவர்கள்
இலை விழுவதற்கென்று ஒரு மாதம்கூட ஒதுக்கவில்லை.
அவர்கள் ஊரில் இலைகள்
ஒவ்வொன்றாய், யாரையும் கூப்பிடாமல்
விழுந்திருக்கும் போல.

இருந்தாலும் எழுதவேண்டும்.
வாரத்துக்கு நாலு ரசீதாவது கேட்கிறார்
சூப்பர்வைசர் மலிக்.
பெயர் எழுதினேன். இடம், நேரம்.
எரித்த பொருளின் வகை என்று ஒரு கட்டம்.
அங்கே பேனா நின்ற நேரம் பார்த்து
ஒரு மஞ்சள் இலை வந்து
கார்பனுக்கும் அடித்தாளுக்கும் நடுவே புகுந்தது.
காற்று செருகியது.
விசாரணை வந்தால் அப்படித்தான் சொல்வேன்.

அழுத்தி எழுதினேன்:
ரூபாய் ஐயாயிரம் மட்டும்.

கிழித்து நீட்டினேன்.
தீ வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தார்.
பேரம் பேசவில்லை, சம்பளத்தைச் சொல்லவில்லை.
நாலாய் மடித்து ஸ்வெட்டருக்குள் வைக்கப் போனவரிடமிருந்து
திரும்ப வாங்கி டப்பாவில் போட்டேன்.
நன்றாக எரிந்தது. துளிப் புகை இல்லை.
இரண்டு பேரும் அதில் கை காய்ந்தோம்.

ஆபீசில் அடித்தாளைப் பார்த்தேன்.
தொகை இருக்கவேண்டிய இடத்தில்
இலை வடிவில் ஒரு வெள்ளை.
ஐயாயிரம் முழுக்க இலையின் மேல் விழுந்திருந்தது,
நீலத்தில், என் கையெழுத்தில்,
நரம்பு வந்த இடங்களில் சற்றே தடுக்கி.
தாளில் ரத்து என்று எழுதி முத்திரை குத்தினேன்.
இலையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கலாம்.
தோன்றியது. வைக்கவில்லை.
மாலை போகும்போது அதே மரத்தடியில் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மரம் காலி.
உச்சியில் ஆகஸ்ட் மாதத்துப் பட்டம் ஒன்று
எலும்பு தெரியத் தொங்கியது.
இத்தனை நாள் அங்கேதான் இருந்திருக்கிறது.
மஞ்சள் குவியல் வழிக்கு வந்திருந்தது.
தன்பீர் ஒரு கை அள்ளி டப்பாவில் போட்டார்.
அதில் எதிலோ ஐயாயிரம் ரூபாய் இருந்தது.

நான் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு
மூன்றாம் கேட் பக்கம் நடந்தேன்.