அறுபத்தோராம் பக்கம்

நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்தில் என் வேலை
மற்றவர் வாயை என் வாயில் வைத்துக்கொள்வது.
இன்று, செத்துப்போன ஒருத்தியின் வாய்.

எல்சா துரைசாணி என்றார்களாம் லயத்தில்.
அறுபத்தெட்டில் வந்தவள்.
இஸ்டோருக்குப் பின்னால், ரோதமுனி கல்லருகே
ஏழு மாதம் குந்தியிருந்து எழுதினாள்.
பக்க ஓரத்தில் அட்டைக்கடி இரத்தம்
பழுப்பாய் இன்னும் இருக்கிறது.

கல் நிற்கும் இடத்தில் கம்பெனிக்கு விடுதி வேண்டும்.
கல்லுக்கு உறுதி இல்லை.
வழக்காடும் வீரமலைக்கும் இல்லை,
அவன் குடியிருக்கும் காம்பராவுக்கும் இல்லை.
இந்த நோட்டுப் புத்தகம்தான் சாட்சி.

"வாசியுங்கள்."
வாசித்தேன்.

'சாமி வந்த கதையை மூன்று பேர் மூன்று விதமாய்ச் சொல்கிறார்கள்.
ரோதையில் கை போய்ச் செத்தவனின் ஆவி என்றான் ஒருவன்.
கடல் தாண்டிப் பிடிமண்ணாய் வந்தது என்றான் மற்றவன்.
மாடத்தி, நான் புகையிலை கொடுத்த அன்று
புதிதாய் ஒன்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
எனக்காகவே செய்த கதை என்று நினைக்கிறேன்.'

கம்பெனி வக்கீல் எழுந்தே விட்டார்.
"செய்த கதை! குறித்துக்கொள்ள வேண்டும், கனம் நீதிபதி அவர்களே."
பின்வாங்கில் கொழுந்துக்காரிகள்,
அரைப்பேரோடு வந்தவர்கள்,
என் வாயையே பார்த்தார்கள்.
ஒருத்தி மட்டும் முந்தானைக்குள் சிரித்தாள்.

அடுத்த பத்தி பென்சிலில். ஈரத்தில் கலைந்தது.
ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

'ஜூன் பத்தொன்பது. இரவு. காற்றோடு மழை.
மறந்த குடைக்காகத் திரும்பிப் போனேன்.
கல்லருகே சந்தனம். நான் நிற்பதை அறியான்.
தலைக் கம்பளியைக் கழற்றிக் கல்லுக்குப் போர்த்தினான்.
தான் நனைந்தான்.
"புள்ளைக்குச் சொகமில்ல சாமி,
நாளைக்கி ரோதைய கொஞ்சம் மெதுவா சுத்து" என்றான்,
டீமேக்கரிடம் கேட்க முடியாததை.
ஆறு மாதமாய் நான் தவறான கேள்வி கேட்டிருக்கிறேன்.'

அதன் கீழே ஒரு கோடு. பிறகு வெற்றுப் பக்கம்.

கம்பளி என்றால் என்ன மாதிரி, என்றார் நீதிபதி.
கறுப்பு. முரடு. நனைந்தால்
மூன்று வயதுப் பிள்ளையின் பாரம், என்றேன்.
பாரம் பக்கத்தில் இல்லை; நானாகச் சேர்த்தது.
எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு ஆடி கழிந்து.
வெளியே தூறல். பஸ் நிறுத்தம்வரை
கோட்டைக் கழற்றிக் கையில் வைத்தபடி நடந்தேன்,
போர்த்த ஒன்றும் இல்லாமல்.