பத்தாவது கல்

கடலுக்குள் ஒன்பது கல் நிற்கிற ஊர் இது.
பத்தாவதாக ஒரு கல்லைக் காணோம் என்று
நண்டுக் கம்பெனி நாகசுந்தரம்
செவ்வாய்க்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போனார்.

இரண்டு கிலோ எடைக்கல். இரும்பு.
பூட்டு உடையவில்லை.
கல்லாவில் இருந்த பதினோராயிரம்
எண்ணி வைத்தபடியே இருந்தது.
ஐஸ் பெட்டிமேல் வட்டமாக ஒரு துருக்கறை,
அவ்வளவுதான் தடயம்.

பஸ் ஸ்டாண்டு ஓரம் எனக்கு ஜெராக்ஸ் கடை.
ஆள் வராத நேரத்தில் மாத நாவல் படிப்பேன்.
அதில் மூன்றாம் பக்கத்திலேயே ரத்தம் வந்துவிடும்.
தேவிபட்டினத்தில் அப்படியெல்லாம் கிடையாது.
இங்கே கடலே பெண்கடல்,
அலையடித்தால்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்காது.

ஏட்டு வில்லாயுதம் டீயும் கையுமாக வந்து
சந்தேகங்களை அடுக்கினார்.
திதி கொடுக்க வந்த வெளியூர்க்காரர் யாரோ
பரிகாரம் என்று கடலில் போட்டிருக்கலாம்.
நங்கூரம் கேட்டு அழுத அரியநாச்சி மகன்
வல்லத்தில் கட்டியிருக்கலாம்.
"பழைய இரும்புக்காரன்?" என்றேன்.
"அவன் காய்ச்சல்ல கெடக்கான் ஹமீதாக்கா.
நான்தான் கஞ்சி வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

கம்பெனியைக் கழுவிவிடுகிற சாவி
யாரிடம் இருக்கும் என்று
அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
கரண்டுத் தராசு ரிப்பேர் என்று
ஆறு மாசமாகக் கல் வைத்து நிறுத்தவர்
புதுக் கல் ஒன்று வாங்கிப்போடாமல்
பழசுக்காக ஏன் இப்படி வேர்க்கிறார்?
என் யோசனை அதிலேயே நின்றது.

புதன்கிழமை சேதுராக்கு வந்தாள்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள்,
தபாலாபீஸ் நீல மை:
இரண்டு கிலோ நூற்றெண்பது கிராம்.
"பதிமூணு காப்பி போடுக்கா."
"பார்சல் யாருக்கு?"
"குவைத்துல தம்பிக்கு. அல்வா."
"அனுப்பிட்டியா?"
"மனசு மாறிட்டேன்."
அவள் மஞ்சப் பையின் அடியில்
வட்டமாகத் துரு.

அவள் தெருவில் நண்டு வலை வீடு பன்னிரண்டு.
பதிமூன்றாவது யாருக்கு என்று கேட்க
எனக்கு நாவல் படித்த மூளை தேவையில்லை.
ஒவ்வொரு நிறுவைக்கும் நூற்றெண்பது,
நாளைக்கு எத்தனை நிறுவை,
ஆறு மாசத்துக்கு...
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.
காசை நீட்டினாள்.
"மெஷின் சூடேறப் போட்டது, வை" என்றேன்.

சாயங்காலம் ஏட்டு எட்டிப் பார்த்தார்.
"துப்பு ஏதும் உண்டாக்கா?"
"டோனர்தான் தீர்ந்துபோச்சு."

வெள்ளிக்கிழமை விடியலில்
கம்பெனி வாசற்படியில் கல் உட்கார்ந்திருந்தது.
துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி,
விருந்துக்குப் போய்வந்த மாப்பிள்ளை மாதிரி.
அதன் அடியில் மடித்த தாள் ஒன்று.
நாகசுந்தரம் படித்தார்.
கல்லைப் புரட்டிப் பார்த்தார்.
அடியில் காலியாக ஒரு குழி.

"வீட்டுலயேதான் கெடந்துச்சு சார்"
என்று புகாரைத் திரும்ப வாங்கினார்.
எந்த மெக்கானிக்கும் வராமலே
அன்று மதியம்
கரண்டுத் தராசு ஓட ஆரம்பித்தது.

வில்லாயுதத்துக்கு மட்டும் ஆறவில்லை.
"அந்தக் குழிக்குள்ள என்னக்கா இருந்திருக்கும்?"
நான் இன்னொரு டீ சொன்னேன்.

நூற்றெண்பது கிராம் ஈயம்.
உருக்கித் தட்டினால் எட்டுக் குண்டு வரும், பத்தும் வரலாம்.
சேதுராக்கின் புது வலையில்
கீழ்க்கயிறு இந்த வாரம்
கொஞ்சம் நன்றாகவே அமிழ்கிறதாம்.