முதல் தரம்

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை,
தக்குவாரெம்போ ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில்,
மழை ஒழுகிய ஜன்னலுக்குப் பக்கத்தில்.

டாக்டர் சரசோலா திரையை என் பக்கம் திருப்பினார்.
குறுக்கே வெட்டிய ஓர் இடுப்பு.
நடுவில் எலும்பு, இரு பக்கமும் தசை.
"புரிகிறதா, எலெயுத்தேரியோ?"

புரியாமல் என்ன.
முப்பத்தொரு வருடம் குளிர்க்கிடங்கில் நின்றவன்.
இந்தத் துண்டை எனக்குத் தெரியும்:
கடைசி விலாவுக்குக் கீழே தண்டுவடத்தை ஒட்டி
கத்தியைப் படுக்க வைத்து இழுத்தால்
எலும்போடு வம்பு வளர்க்காமல் கழன்று வரும்.
ஆனால் இதில்,
கறுப்பாய் இருக்கவேண்டிய தசைக்குள்
வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள்.

"கொழுப்பு" என்றார்.
"வேலை செய்யாத தசைக்குள் குடிவந்துவிடும்."

வேலை செய்யாத.

மாட்டின் கால்பங்கு ஒன்று அறுபத்தெட்டு கிலோ.
கொக்கியிலிருந்து தோளுக்கு,
தோளிலிருந்து லாரிக்கு,
ஒரு ஷிஃப்ட்டுக்கு நூறுக்குக் குறையாது.
மீதியை ஓய்வூதிய ஆபீஸ்காரன் பெருக்கிக்கொள்ளட்டும்.
என்னைப் பார்த்து அந்தச் சொல்லா?

அவர் பேனாமுனையால் காட்டினார்.
சுமந்ததெல்லாம் மேலே இருக்கும் பெரிய தசைகளாம்.
அடியில், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே,
விரல் நீளத்தில் சிறியவை சில.
முதன்முதல் பிடித்துக்கொண்ட அன்று
(பனி உறைந்த சரிவுப்பலகை, ஜூலை, எனக்கு நாற்பத்திரண்டு)
அவை வேலைநிறுத்தம் செய்துவிட்டன.
வலி போன பிறகும் திரும்பி வரவில்லை.

நான் சங்கத்தில் இருந்தவன்.
வேலைநிறுத்தம் என்றால் ஒரு கோரிக்கை இருக்கும்,
வாசலில் ஒரு தகர டிரம்மில் நெருப்பு எரியும்.
இவை எதையும் கேட்கவில்லை.
பதினாறு வருடம், சத்தமே இல்லை.

நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில்
டிஸ்க் வற்றித் தட்டையாகி
பின்பக்கம் பிதுங்கி
நரம்பின்மேல் கைபோட்டு நின்றது.
அதுதான் ராத்திரியில் என் இடது காலுக்குள்
ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிறது.

"டாக்டர், இந்த வெள்ளைக்கோட்டுக்குத்தான்
வெளிநாட்டுக்காரன் விலை கூட்டித் தருவான்.
இது முதல் தரம்" என்றேன்.
அவர் சிரித்தார்.
பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பயிற்சி கொடுக்க நாஹுவேல் என்று ஒரு பையன்,
காதில் கடுக்கன்.
என்னைக் குப்புறப் படுக்கவைத்து
இடுப்புக்குழியில் கட்டைவிரலை வைத்தான்.
"எதையும் தூக்கவேண்டாம். அசையவும் வேண்டாம்.
என் விரலுக்கு அடியில் மட்டும்
கொஞ்சம் உப்புங்கள்."
எவ்வளவு?
"நாலு மில்லிமீட்டர்."

மூச்சைப் பிடித்தேன். பிட்டம் இறுகியது.
பல்லைக் கடித்தேன். கழுத்து புடைத்தது.
"அதெல்லாம் பெரியவர்கள்.
நான் கேட்பது அவர்களை இல்லை" என்றான்.

இப்போது தினமும் இரவு
நெலிதா ரொட்டிக்கடையிலிருந்து வந்து
மாவு காயாத கையோடு
என் முதுகில் விரல் வைத்து உட்காருகிறாள்.
டி.வி.யில் ஆட்டம் ஓடும், பார்ப்பதில்லை.
நான் உள்ளே இறங்கி
ஒவ்வொரு கதவாய்த் தட்டுகிறேன்.
யாரும் குடியிருந்த மாதிரியே தெரியவில்லை.
"வலது பக்கம்?" "இல்லை."
"இடது?" "இல்லை."
பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போல.

பதினோரு வாரம்.
நேற்று மழை, ஈரத்துக்கு வலி கூடியிருந்தது.
சும்மா மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன்.
நாளைக்கு வாடகை, கூரைத்தகரம்,
எதையோ நினைத்துக்கொண்டு.
அவள் விரல் சட்டென்று நின்றது.

"இருந்தது" என்றாள்.
"எங்கே?"
"இங்கே. இடது பக்கம்.
தூக்கத்தில் ஒரு குழந்தை புரண்ட மாதிரி."
"இப்போது?"

விரலை எடுக்காமலே
வெகுநேரம் காத்திருந்தாள்.

"போய்விட்டது.
மறுபடி கூப்பிடு."