நாலாவது கட்டத்து ஜன்னல்

மண்டபம் ஐஸ் பிளான்ட், டோக்கன் அறை.
படகு வர இன்னும் மூணு மணி.
நம்புச்செல்வி கார்ட்ரிட்ஜை எடுத்து ஊதுகிறாள்,
உப்பேறிய பல்லில் ஒரு ஊது, மறுபடி ஒன்று.
பழைய டிவி யோசித்து யோசித்து விழிக்கிறது.

நாரை மேல் சூனியக்காரச் சிறுமி.
திரை தானாய் நகரும்,
நிற்க முடியாது, திரும்ப முடியாது.
ஏறலாம், இறங்கலாம், சுடலாம்.
பறக்கும் பானைகள், பல் முளைத்த மேகம்,
முதுகில் ஊரைச் சுமந்து வரும் ஆமை.
குண்டு பாவாடையைக் கிழித்தால் சாவில்லை;
நெஞ்சில் ஒற்றைப் புள்ளி, அதில் பட்டால்தான்.
வலைக் கிழிசலில் நழுவும் நெத்திலியாய்
நூறு குண்டுக்குள் நுழைந்து வருவாள் செல்வி.

எனக்கு ஆட்டம் வராது.
நான் பார்ப்பது பின்னால்:
மரங்கள் விரையும், கோட்டை மெல்லப் போகும்,
நிலா அசையாது.
பாம்பன் ரயிலிலும் இப்படித்தான்.
கட்டிக் கிடக்கும் படகுகள் ஓடும்,
குருசடைத் தீவு நின்று யோசிக்கும்.

நாலாவது கட்டம். கோட்டை உச்சியில்
மஞ்சளாய் ஒரு ஜன்னல்.
பரிசு இல்லை, எதிரி இல்லை,
சுட்டால் குண்டு கடந்துபோகும்.
சம்பளத்துக்கு வரைந்த எவனோ
நாலே நாலு புள்ளியில்
விளக்கேற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அங்க யாரு இருப்பா?" என்றேன்.
அவளும் பார்த்தாள்.
மூன்று தலை நாகம்
கடைசி உயிரையும் முடித்தது.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கியா, செபஸ்தி?"

வெளியே ஐஸ் உடைபடும் சத்தம்.
முதல் படகுக்குச் சீட்டு எழுதியபடி,
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"கணக்கு எழுதுறவளா இருக்கும்.
இந்நேரத்துக்கு வேற யாரு முழிச்சிருப்பா."